குதிரைக்கும் எனக்கும் ஒரே கால்!

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் குதிரை ஏறியிருக்கிறேன். ஏழு வயதில், மெரினாவில், அரை ரவுண்டு. மீதி அரை ரவுண்டு நான் போட்ட கூச்சலில் குதிரைக்காரரே இறக்கிவிட்டுக் காசையும் திருப்பிக் கொடுத்தாராம். அம்மா இன்னமும் சொல்லிக் காட்டுவாள். கிண்டி ரேஸ் கோர்ஸை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

அப்படிப்பட்ட நான் குதிரைக் கால் பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அதற்கு எங்கள் ஆபீஸ் கிரிக்கெட்தான் காரணம்.

அக்கவுண்ட்ஸுக்கும் பர்ச்சேஸுக்கும் வருஷா வருஷம் ஒரு யுத்தம் உண்டு. மூன்று மாட்ச். ஜெயித்தவர்களுக்கு ஒரு சுழற்கோப்பை, தோற்றவர்களுக்கு வருஷம் முழுக்க கேன்டீனில் கேலி. முதல் மாட்ச்சில் நான் பதினாலு நாட் அவுட். இரண்டாவது ரன்னுக்குத் திரும்பினேன். பின்னாலிருந்து யாரோ குதிகாலுக்கு மேலே ஓங்கி உதைத்த மாதிரி இருந்தது.

“எவன்டா உதைச்சது?” என்று திரும்பிப் பார்த்துக் கத்தினேன்.

அம்பயராக நின்ற டெஸ்பாட்ச் பையன் பயந்துபோய், “சார், உங்க பின்னாடி ஆளே இல்ல சார்” என்றான்.

உதைத்தது என் காலேதான். குதிகாலையும் கெண்டைக்கால் சதையையும் இணைக்கும் தடித்த கயிறு பாதி பிய்ந்துவிட்டது. ஸ்கேன் பார்த்த டாக்டர் இன்னொரு குண்டும் போட்டார். “இது ஞாயித்துக்கிழமை வந்ததில்லை. ரொம்ப நாளாவே உள்ள நைஞ்சுகிட்டு வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை தெரிஞ்சுது, அவ்வளவுதான். ஆறு மாசம் ஓடக் கூடாது.”

ஆறு மாசமாம்! எனக்குப் பத்தே நாளில் வலி போய்விட்டது. மாடிப்படி ஏறினேன். பால் வாங்கப் போனேன். பாத்ரூமில் யாருக்கும் தெரியாமல் நின்ற இடத்திலேயே இரண்டு குதி குதித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கடைசி மாட்ச்சுக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. பையில் ஷூவை எடுத்து வைத்துவிட்டேன். மனைவி பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பாவுக்குப் போன் போட்டாள்.

நரம்பு இல்லை, நாண்!

சித்தப்பா ரிட்டயர்ட் கால்நடை டாக்டர். வேப்பேரி காலேஜில் படித்தவர். சர்வீஸில் பெரும்பகுதி குதிரைகளோடு. பேசினால் குதிரை, பேசாவிட்டால் தூக்கம் என்று எங்கள் குடும்பத்தில் அவருக்குப் பெயர்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆட்டோவோடு வந்து நின்றார். “கிளம்புடா. பீச்சுக்குப் போய் காத்து வாங்கலாம்.”

காத்து வாங்க அவர் என்னைக் கூப்பிடவில்லை என்பது மணலில் கால் வைத்ததும் தெரிந்துவிட்டது. குதிரைகள் கட்டியிருக்கும் இடத்துக்கு நேராகப் போனார். அங்கே ஒரு பாய், வயது ஐம்பது இருக்கும், இவரைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு ஓடி வந்தார்.

“டாக்டர் சார்! நல்ல நேரத்துல வந்தீங்க. நம்ம சுல்தானைக் கொஞ்சம் பாருங்க சார்.”

சுல்தான் செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. பார்க்க நன்றாகத்தான் நின்றான். சித்தப்பா குனிந்து முன்னங்காலின் பின்பக்கத்தை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்தார். பிறகு அடுத்த காலை. மறுபடி முதல் காலை.

“இங்க கை வை” என்றார் என்னிடம். வைத்தேன். ஒரு காலைவிட இன்னொரு கால் சூடாக இருந்தது. பக்கவாட்டில் பார்த்தால், நேர்கோடாக இருக்க வேண்டிய காலின் பின்பக்கம் வில் மாதிரி புடைத்துக்கொண்டிருந்தது.

“பத்து நாள் முந்தி நல்லா நொண்டுச்சு சார்” என்றார் பாய். “காலேஜ் பசங்க நாலு பேரு, எக்ஸ்ட்ரா துட்டு தர்றோம், ஃபுல் ஸ்பீடுல விடுன்னாங்க. விட்டேன். அன்னிக்கு வந்த வினை. இப்போ நொண்டல் இல்ல சார், நல்லா நடக்குது. நாளையிலருந்து ஓட்டலாம்னு இருக்கேன்.”

சித்தப்பா குதிரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். எனக்குக் கடலைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

டீக்கடை பெஞ்சில் பாடம் ஆரம்பித்தது.

“நடுவிரலை நேரா மேஜை மேல ஊணு. மத்த விரலையெல்லாம் மடக்கு” என்றார். ஊன்றினேன். “குதிரை நிக்கிறது இப்படித்தான். குளம்புங்கிறது அதோட நகம். நீ முன்னங்கால் முட்டின்னு நினைக்கிறியே, அது முட்டியே இல்ல, மணிக்கட்டு. அதுக்குக் கீழ இருக்கிற ஒத்தை எலும்பு, உன் உள்ளங்கையில நடுவிரலுக்கு நேரா இருக்கிற எலும்பு. ஒரு குதிரை, நாலு கால், நாலு நடுவிரல். அதுலதான் 450 கிலோ நிக்குது, ஓடுது, தாண்டுது!”

“மணிக்கட்டுக்குக் கீழ சதைன்னு சொல்லிக்க ஒண்ணும் கிடையாது. சதையெல்லாம் மேல முன்கையில. அங்கிருந்து கயிறு மாதிரி இறங்கி வருது பாரு, அதுதான் தசைநாண். நம்ம ஜனங்க எல்லாத்தையும் ‘நரம்பு பிசகிடுச்சு’ன்னு சொல்லிடுவாங்க. நரம்பு சேதி கொண்டு போறது. நாண் இழுக்கிறது. வில்லுக்கு நாண் மாதிரி.”

கல்யாண வேலையும் கயிறும்

கயிறு இழுக்கும் என்பது யாருக்கும் தெரியும். குதிரையின் காலுக்குப் பின்னால் தோலை ஒட்டி ஓடும் அந்த நாண் நீளவும் செய்யும் என்பது எனக்குப் புதுசு. நாலுகால் பாய்ச்சலில் ஒரு முன்னங்கால் தரையில் ஊன்றும்போது, உடம்பு எடையைப் போல இரண்டரை மடங்கு பாரம் அந்த ஒற்றைக் காலில் இறங்குகிறது. பந்தயக் குதிரையானால் ஒரு டன்னுக்கு மேல். குளம்புக்கு மேலே இருக்கிற கணு கிட்டத்தட்ட தரையைத் தொடுகிற அளவுக்குக் கீழே இறங்கும். அப்போது நாண் ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டு, சக்தியைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கால் எழும்பும்போது திருப்பிக் கொடுக்கிறது. குதிரை ஓடுகிறது என்பதைவிட, துள்ளிக்கொண்டே போகிறது என்பதுதான் சரி. பாதிச் செலவு மிச்சம்!

இங்கேதான் வினை. ஓடும் குதிரைகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். நாண் தன் நீளத்தில் 16 சதவிகிதம் வரை நீளுகிறது. ஆய்வுக்கூடத்தில் அதே நாணைப் பிடித்து இழுத்தால், 12லிருந்து 20 சதவிகிதத்துக்குள் அறுந்துபோகிறது. அதாவது, ஒவ்வொரு பாய்ச்சலிலும் குதிரை அறுந்துபோகும் எல்லைக்குப் பக்கத்தில் போய்விட்டுத் திரும்புகிறது. மாசக் கடைசியில் நம் பாங்க் பாலன்ஸ் மாதிரி!

“திருப்பிக் கொடுக்கிற சக்தி நூத்துக்கு நூறு இல்ல” என்றார் சித்தப்பா. “கொஞ்சம் சூடா மாறிடும். நாணுக்கு நடுவுல அந்தச் சூடு 45 டிகிரி வரைக்கும் போறதா அளந்திருக்காங்க. உனக்கு 40 டிகிரி காய்ச்சல்னா உங்கம்மா டாக்டரைத் தேடி ஓடுவா. நாணுக்கு ரத்த ஓட்டமும் குறைச்சல். சூட்டை ஆத்தவும் ஆளில்ல, ரிப்பேர் பண்ணவும் ஆளில்ல.”

“ரிப்பேரே நடக்காதா?”

“நாண் கொலாஜன்னு ஒரு இழையால ஆனது. நம்ம தோல், ரத்தமெல்லாம் பழசு போய்ப் புதுசு வந்துகிட்டே இருக்கும். குதிரையோட அந்த நாண்ல இருக்கிற கொலாஜன் பாதி மாறறதுக்கு எத்தனை காலம் ஆகும்னு 2010ல இங்கிலாந்துல கணக்குப் போட்டாங்க. சுமார் 200 வருஷம்!”

குதிரையின் ஆயுசே இருபத்தைந்து, முப்பது வருஷம். குட்டியாக இருக்கும்போது என்ன கயிறு கிடைத்ததோ, அதை வைத்துத்தான் ஆயுசு முழுக்க ஓட்ட வேண்டும்.

“அதனாலதான் இது ஒரே நாள்ல வர்ற நோய் இல்லேங்கிறேன். ஒவ்வொரு ஓட்டத்துலயும் ஒண்ணு ரெண்டு இழை நையும். வயசாக ஆக நைஞ்சது சேரும். வலிக்காது, வீங்காது, நொண்டாது. கிணத்துக் கயிறு மாதிரி. நடுவுல நைஞ்சுகிட்டே இருக்கும், குடம் மேல வந்துகிட்டே இருக்கும். ஒருநாள் குடம் கிணத்துல!”

எனக்கு என் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது, அவ்வளவுதான்.

“உன் குதிகால் நாணும் குதிரையோட இந்த நாணும் ஒரே ஜாதி” என்றார் சித்தப்பா. “ரெண்டும் நீண்டு சக்தியைச் சேத்து வைக்கிறது. ரெண்டும் இப்படித்தான் நையும். நடுவயசுல, ஒருநாள் விளையாட்டுல. குதிரைல கண்டுபிடிச்சதை மனுஷனுக்கும், மனுஷன்ல பாத்ததைக் குதிரைக்கும் யோசிக்கிறாங்க.”

வலி போனால் குணமா?

“சரி சித்தப்பா. ஆனா சுல்தான் நல்லாத்தானே நடக்கிறான்?” என்று கேட்டேன். சுல்தானுக்காக மட்டும் கேட்கவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

“அதுதான்டா இதுல மோசமான விஷயம். வலி சில நாள்லயே போயிடும். நொண்டல் போயிடும். ஆனா உள்ள இருக்கிற ஓட்டை அப்படியே இருக்கும். முதல்ல அதை அடைக்க வர்றது மட்டமான இழை, தாறுமாறாக் கிடக்கும். அது கெட்டிப்பட்டு, இழுக்கிற திசையில வரிசையா அடுக்கி நிக்க ஒன்பது மாசம், ஒரு வருஷம், அதுக்கு மேலயும் ஆகும். அப்பவும் அது தழும்பு. பழைய நாண் மாதிரி நீளாது. அது நீளலேன்னா பக்கத்துல இருக்கிற நல்ல இழை நீள வேண்டியிருக்கு. அடுத்த தடவை அங்கதான் பிய்யும்.”

பழைய காலத்தில் இதற்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காலில் சூடு போடுவார்களாம். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 1983ல் எழுதிவிட்டார்கள். இப்போது குதிரையின் மார்பெலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து, வளர்த்து, ஸ்கேன் பார்த்துக்கொண்டே அந்த ஓட்டைக்குள் ஊசியால் செலுத்துகிறார்கள். இங்கிலாந்தில் 113 பந்தயக் குதிரைகளுக்கு அப்படிச் செய்த கணக்கு 2012ல் வெளியானது. இரண்டு வருஷத்துக்கு மேல் கவனிக்கப்பட்டவற்றில் மறுபடி பிய்ந்தது சுமார் 27 சதவிகிதம். சாதாரண வைத்தியத்தில் இது பாதி வரைக்கும் போவதுண்டு. ஆனால் ஸ்டெம் செல் போட்ட குதிரைக்கும் அதே ஒரு வருஷ நிதானம்தான். ஊசி போட்டுவிட்டு மறுநாள் ஓடவிட முடியாது.

சித்தப்பா இரண்டாவது டீ சொன்னார். கூடவே ஒரு கதையும்.

“ஆல்டனிட்டின்னு ஒரு குதிரை. இங்கிலாந்து. 1970ல பொறந்தது. தடை தாண்டி ஓடற குதிரை. கால்ல நாண் காயம், எலும்பு முறிவுன்னு அதுக்கு மாறி மாறி வந்துது. 1979 நவம்பர்ல மறுபடி நாண் போச்சு. அதுக்கு ஜாக்கி பாப் சாம்பியன். அவருக்கு அதே வருஷம் கேன்சர். வயசு 31. குதிரை லாயத்துல, ஜாக்கி ஆஸ்பத்திரியில. ரெண்டு பேர் கதையும் முடிஞ்சுதுன்னு ஊரே நினைச்சுது.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, காத்திருந்தாங்க. சுமார் பதினஞ்சு மாசம் அந்தக் குதிரை ரேஸ் பக்கமே போகல. 1981 பிப்ரவரில ஒரு ரேஸ்ல திரும்பி வந்து ஜெயிச்சுது. ஏப்ரல் 4ம் தேதி கிராண்ட் நேஷனல். 30 தடை, ஏழு கிலோமீட்டர். முதல் தடையிலயே விழப் பாத்துது. சமாளிச்சு எழுந்து ஓடி ஜெயிச்சுது. மேல அதே சாம்பியன்! 1984ல சினிமாவே எடுத்தாங்க. அதுல ஆல்டனிட்டியா நடிச்சது ஆல்டனிட்டியேதான்.”

எனக்குப் புல்லரித்தது. “பாத்தீங்களா சித்தப்பா, திரும்பி வரலாம்!”

“வரலாம். பதினஞ்சு மாசம் கழிச்சு. பதினஞ்சு நாள் கழிச்சு இல்ல” என்றார். “இன்னொண்ணும் கேட்டுக்கோ. அடுத்த வருஷம் அதே ரேஸ்ல முதல் தடையிலயே விழுந்துடுச்சு. அதோட பந்தய வாழ்க்கை முடிஞ்சுது. 1997 வரைக்கும் சௌக்கியமா இருந்துது.”

கொள்ளுக்கு யார் தருவார்?

பாயிடம் திரும்பிப் போனோம். சித்தப்பா விஷயத்தைச் சொன்னார். பாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“சரிங்க டாக்டர் சார். ஒரு வருஷம் சும்மா வெச்சுக்கிறேன். கொள்ளுக்கு யாரு துட்டு குடுப்பா? புல்லுக்கு யாரு குடுப்பா? இவன் நடந்தாத்தான் சார் என் வீட்டுல அடுப்பு எரியும்.”

குரலில் கோபம் இல்லை. அதனால்தான் சுருக்கென்றது. எனக்கு மெடிக்கல் லீவ் உண்டு. ஒன்றாம் தேதி சம்பளம் வரும். நான் அவசரப்பட்டது ஒரு கோப்பைக்காக. இவர் அவசரப்படுவது சோற்றுக்காக. இருவருக்கும் ஒரே அறிவுரையை ஒரே குரலில் சொல்லிவிட்டுப் போக முடியுமா?

சித்தப்பா மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். “பாய், கட்டிப்போடச் சொல்லலை. கட்டியே போட்டாலும் நாண் தேறாது. கொஞ்சம் கொஞ்சமா வேலை குடுத்தாத்தான் இழை வரிசையா நிக்கும். இப்போ சூடு அடங்கற வரைக்கும் மீன்காரங்ககிட்ட ஐஸ் வாங்கி, துணியில சுத்தி, தினம் ரெண்டு மூணு தடவை இருபது நிமிஷம் வை. அப்புறம் கெட்டித் தரையில கையில பிடிச்சு பத்து நிமிஷம் நட. முதுகுல ஆள் கிடையாது. மாசாமாசம் நடையைக் கூட்டு. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். என் பழைய ஸ்டூடண்ட் ஒருத்தன் மெஷினோட வருவான், காசு கேக்க மாட்டான். ஆறேழு மாசத்துல ஸ்கேன் நல்லா இருந்தா, சின்னப் பசங்களை மட்டும் ஏத்தி நடத்தலாம். ஓட்டம் மட்டும் கிடையாது. எப்பவுமே கிடையாது.”

“இப்பவே ஓட்டினா?”

“பத்து நாள் ஓடும். பதினோராவது நாள் மொத்தமா அறுந்தா, அப்புறம் ஒரு வருஷம் இல்ல, எப்பவுமே இல்ல.”

பாய் மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். மச்சானிடம் இரண்டு குதிரை இருக்கிறதாம். ஒன்றைப் பாதி வாரத்துக்கு வாங்கி ஓட்டி, வருமானத்தில் பாதி கொடுத்துவிடலாமாம். “கஷ்டம்தான் சார். பாக்கலாம்” என்றார். பிறகு சுல்தானின் முதுகிலிருந்து சேணத்தை அவிழ்த்துக் கீழே வைத்தார்.

வீட்டுக்கு வந்து நானும் பையிலிருந்து ஷூவை எடுத்து அலமாரிக்கு மேலே போட்டேன். மனைவி பார்த்தாள். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு வடை இருந்தது.

கடைசி மாட்ச்சில் நான் ஸ்கோரர். என் இடத்தில் ஆடியது அந்த டெஸ்பாட்ச் பையன். 41 ரன் அடித்தான். நாங்கள் ஜெயித்தோம். நான் இல்லாவிட்டால் அக்கவுண்ட்ஸ் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தவனுக்குக் குதிகால் வலியைவிட அது கொஞ்சம் அதிகமாகவே வலித்தது. வீட்டில் தினமும் படிக்கட்டு ஓரத்தில் நின்று குதிகாலைத் தூக்கி, மெதுவாக இறக்கும் பயிற்சி செய்தேன். சலிப்பான வேலை. பிசியோதெரபிஸ்ட் சொன்ன கணக்கு ஒன்றைக்கூட விடவில்லை.

பதினோரு மாதம் கழித்து ஒரு ஞாயிறு மாலை, சித்தப்பாவோடு மறுபடி மெரினா போனேன். சுல்தான் மேல் ஏழெட்டு வயதுக் குழந்தை ஒன்று, நான் அன்று போட்ட அதே கூச்சலோடு உட்கார்ந்திருந்தது. பாய் கடிவாளத்தைக் கையில் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டு வந்தார். காலில் அந்த வில் முழுசாக மறையவில்லை. தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

“ஸ்கேன்ல ஓட்டை மூடியிருக்கு. தழும்புதான். ஆனா ஒழுங்கான தழும்பு” என்றார் சித்தப்பா.

அதற்குள் ஜீன்ஸ் போட்ட இரண்டு பேர் வந்தார்கள். “பாய், ஒரு ஸ்பீட் ரவுண்டு போலாமா? எவ்ளோ வேணா வாங்கிக்குங்க.”

பாய் அவர்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“இது நடக்குற குதிரை தம்பி. ஓடணும்னா நீ ஓடு.”

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் எங்கள் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடினால் பிடித்துவிடலாம். சித்தப்பா என் முகத்தைப் பார்த்தார். இரண்டு பேரும் நடந்தே போனோம். பத்து நிமிஷத்தில் அடுத்த பஸ் வந்தது. உட்கார இடமும் இருந்தது.